விலைப்பட்டியல் வழியே வந்த பட்டறை

தச்சு வேலையைப் பிழைப்பாகக் கொள்ளாமல் விருப்பத்துக்காகச் செய்பவரின் வீட்டுப் பட்டறை, தொழில்முறைத் தச்சரின் பட்டறையிலிருந்து கிளைத்த சிறு வடிவம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உளி, வாள், இழைப்புளி, துளைப்பான் எனக் கருவிகள் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் இக்கருத்து எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றினாலும், இவ்வகைப் பட்டறை மிகப் பரவலாக வேரூன்றிய அமெரிக்காவின் வரலாறு வேறொரு பிறப்பைக் காட்டுகிறது. அங்கே வீட்டுப் பட்டறைக்காரருக்குக் கருவிகளை அறிமுகம் செய்து, அவற்றின் பயனைச் சொல்லி, உயர்ந்தது இது, மலிவானது இது என்று பிரித்துக் காட்டிய ஆசான், அஞ்சலில் வந்து சேர்ந்த விலைப்பட்டியலே. ஆகவே அந்தப் பட்டறையின் வரலாற்றில் தச்சுத்தொழிலின் மரபுக்கு உள்ள இடத்தைவிட, அஞ்சல் கட்டணம், எடை வரம்பு, இரயில் கூலி, பணத்தைத் திருப்பித் தரும் உறுதிமொழி ஆகியவற்றுக்கு உள்ள இடம் பெரிது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தச்சர் ஒருவர் கருவிகளைச் சேர்த்த முறை மெதுவானது. பயிற்சிக் காலத்தில் ஒன்றிரண்டாக வாங்கியும், வேலையை விட்ட அல்லது இறந்துபோன தச்சரின் பெட்டியிலிருந்து விலைக்கு எடுத்தும், கைப்பிடி, கொட்டாப்புளி போன்ற மரப்பகுதிகளைத் தாமே செய்துகொண்டும் அவர் தம் பெட்டியை நிரப்பினார். எஃகுப் பகுதிகளுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் பேர்போனது. அந்நகர உற்பத்தியாளரின் பண்டங்கள் செதுக்கோவியங்களாக அச்சிடப்பட்டு மாதிரிப் புத்தகங்களாக வெளிவந்தன. ஜோசப் ஸ்மித் 1816இல் வெளியிட்ட தொகுப்பு அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அப்புத்தகங்கள் இரும்புச் சாமான் வணிகருக்கும் ஏற்றுமதி முகவருக்கும் உரியவை. உளியைக் கையில் பிடிக்கப்போகிறவர் அவற்றைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அவர் கடைக்குப் போவார், உளியின் முனையை விரலால் தடவிப் பார்ப்பார், வாளை வளைத்துப் பார்ப்பார், பிறகே விலை பேசுவார். தொட்டுப் பார்க்காமல் கருவி வாங்குவது அத்தொழிலுக்குப் புறம்பான பழக்கமாக இருந்தது.

விருப்பத்துக்காக மரவேலை செய்தவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். ஆனால் அவர்கள் அரசர்களும் செல்வர்களும். ரஷ்யப் பேரரசர் முதலாம் பீட்டர், ஆந்திரேய் நார்த்தோவ் என்னும் வல்லுநரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடைசல் வேலையில், அதாவது மரத்தையோ தந்தத்தையோ சுழலவிட்டு உளியால் வடிவமைக்கும் வேலையில், ஈடுபட்டார். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஜான் ஜேக்கப் ஹோல்ட்சாப்ஃபெல் 1795இல் தம் முதல் கடைசல் எந்திரத்தை விற்றபோது அவருடைய இலக்கு இத்தகைய சீமான்களே. அவர் மகன் சார்லஸ் 1843இல் முதல் தொகுதியை வெளியிட்ட நூல், பின்னர் ஐந்து பெருந்தொகுதிகளாக வளர்ந்து அவ்வேலையின் இலக்கணமாகவே ஆயிற்று. ஒன்றிரண்டாகச் சேர்ப்பதற்கு மாறாக, கருவித் தொகுதி முழுவதையும் ஒரே தடவையில் வாங்கியதற்குச் சான்றாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது பெஞ்சமின் சீட்டனின் பெட்டி. கென்ட் மாவட்டத்துச் சாத்தம் நகரைச் சேர்ந்த அவருக்கு, 1796ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் தந்தை லண்டனின் கிறிஸ்டோஃபர் கேப்ரியல் நிறுவனத்திலிருந்து கருவிகளை மொத்தமாக வாங்கித் தர, மகன் மறு ஆண்டில் அவற்றுக்கென அழகிய பெட்டி ஒன்றைச் செய்து அடுக்கி வைத்தார். அக்கருவிகள் அதிகம் தேயவே இல்லை. ரோச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் அவை இன்று ஏறத்தாழ புதியவைபோல் இருப்பதற்குக் காரணம் அதுதான். உழைத்துத் தேய்ந்த தச்சர் பெட்டிகள் அவ்வாறு வரலாற்றாசிரியர் கைக்குக் கிடைப்பதில்லை.

நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் மரவேலைக் கருவி முதன்முதலாகப் பெருமளவில் நுழைந்தது, மெல்லிய பலகையில் பூவும் கொடியுமாகத் துளைத்து அறுத்தெடுக்கும் ‘ஃப்ரெட்’ வேலையின் வழியாக. 1870களிலும் 80களிலும், குறிப்பாக 1876இல் பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியை அடுத்து, இது அமெரிக்காவில் ஒரு பித்தாகவே பரவியது. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரின் பார்ன்ஸ் நிறுவனம், மிதிவண்டியில் ஏறுவதுபோல் இருக்கையில் அமர்ந்து இரு கால்களாலும் மிதித்து இயக்கும் அறுப்பு எந்திரத்தை விற்றது. பாஸ்டனிலிருந்து வெளிவந்த ‘யூத்ஸ் கம்பானியன்’ என்னும் இளையோர் இதழ், புதிய சந்தாதாரரைச் சேர்த்துத் தருபவருக்கு இத்தகைய சிறு எந்திரங்களைப் பரிசாக அனுப்பியது. இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்து டெரம் ஊரைத் தளமாகக் கொண்ட ‘ஹாபீஸ்’ நிறுவனம் 1895 முதல் அதே பெயரில் வார இதழ் ஒன்றை நடத்தி, வரைபடத் தாளை இதழோடும், அதற்குரிய பலகையையும் வாள் அலகையும் தனி விலைக்கும் தந்து, வாசகரையே வாடிக்கையாளராக்கியது. இவ்வேலை முதலில் பரவியதற்கு அழகுணர்ச்சியைவிட எடையே முக்கியக் காரணம் என்று கொள்ள இடமுண்டு. நூல் போன்ற அலகும், மெல்லிய பலகையும், மடித்த வரைபடமும் அஞ்சலில் அடங்குபவை. அமெரிக்க அஞ்சல்துறையோ 1912 வரை நான்கு பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 1.8 கிலோவுக்கு, மேற்பட்ட பொதியை ஏற்றதில்லை.

கனமான கருவிகள் சிற்றூர்களை எட்டுவதற்கு வேறொரு வணிகமுறை வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளராக இருந்தபோது உழவர்கள் கடைக்காரரிடம் படும் பாட்டை நேரில் கண்ட ஆரன் மாண்ட்கோமரி வார்டு, 1871ஆம் ஆண்டின் சிகாகோ பெருந்தீயில் தம் முதல் சரக்கை இழந்தும் மனம் தளராமல், 1872இல் 163 பொருள்கள் அடங்கிய ஒற்றைத் தாள் விலைப்பட்டியலை வெளியிட்டார். ‘கிரேஞ்ச்’ எனப்பட்ட உழவர் சங்கத்தின் ஆதரவு அவருக்குப் பெருந்துணை. 1875இல் அவர் அறிவித்த உறுதிமொழி, பொருள் பிடிக்கவில்லையானால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது, தொடாமல் வாங்கத் தயங்கியவரின் தயக்கத்தை உடைத்தது. மின்னசோட்டா மாநிலத்தில் இரயில் நிலைய முகவராக இருந்து 1886இல் கைக்கடிகார விற்பனையில் இறங்கிய ரிச்சர்டு சியர்ஸ், ஆல்வா ரோபக்குடன் சேர்ந்து சிகாகோவில் வளர்த்த நிறுவனத்தின் விலைப்பட்டியல் 1895இல் 532 பக்கங்களை எட்டியிருந்தது. குதிரைச் சேணம், தையல் எந்திரம், துப்பாக்கி ஆகியவற்றுக்கு நடுவே தச்சுக் கருவிகளும் அதில் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. ஆங்கிலம் வராதவர் தம் தாய்மொழியிலேயே கடிதம் எழுதலாம் என்று அந்நிறுவனம் அறிவித்திருந்ததால், ஜெர்மனியிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்து குடியேறியோரும் தயக்கமின்றி எழுதினர்.

படத்தையும் எண்ணையும் நம்பிக் கருவி வாங்குவதற்கு, ஒரே எண்ணுள்ள இரு கருவிகள் ஒன்றுபோலவே இருந்தாக வேண்டும். இங்கேதான் இழைப்புளியின் வரலாறு இக்கதையோடு பின்னிக்கொள்கிறது. பழைய இழைப்புளி ஒரு மரக்கட்டை. அதன் அலகை ஆப்பு ஒன்று இறுக்கிப் பிடிக்கும். அலகை முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ சிறு சுத்தியலால் கட்டையின் தலையிலோ காலிலோ தட்ட வேண்டும். எத்தனை தட்டு, எவ்வளவு மெதுவாக என்பது பட்டறையில் பக்கத்தில் நின்றே கற்கத்தக்கது. லியோனார்டு பெய்லி 1867ஐ ஒட்டிக் காப்புரிமை பெற்ற வார்ப்பிரும்பு இழைப்புளியில் அலகின் ஆழத்தைப் பித்தளைத் திருகு ஒன்று தீர்மானிக்கிறது. அலகை இறுக்குவதும் தளர்த்துவதும் நெம்புகோல் ஒன்றின் வேலை. கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரின் ஸ்டான்லி நிறுவனம் 1869இல் அவ்வுரிமையை வாங்கி, இழைப்புளிகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டு விற்றது. தொழில்முறைத் தச்சருக்கு இது வசதி. ஆசான் இல்லாதவருக்கோ இதுவே வாசல், ஏனெனில் கைப்பழக்கம் செய்த வேலையைத் திருகு செய்தது. சிகாகோவிலிருந்து ஐந்தாம் எண் இழைப்புளியை வரவழைத்த ஒரு பண்ணைக்காரர், பெட்டியைப் பிரித்த அன்றே சுருள் சுருளாக மரத்தைச் சீவிப் பார்க்க முடிந்தது. அலகைத் தீட்டத் தெரிந்திருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலைப்பட்டியல்கள் அதைப்பற்றி அதிகம் பேசியதில்லை.

விலைப்பட்டியலின் மொழிக்கு ஏற்ற கருவிகளும், வேலைமேசைக்கு ஏற்ற கருவிகளும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. ஸ்டான்லி நிறுவனத்தின் ஜஸ்டஸ் டிராட் வடிவமைத்த 45ஆம் எண் கருவி, காடி எடுத்தல், விளிம்பில் உருட்டு வடிவம் இழைத்தல் முதலிய பல வேலைகளுக்கு அலகை மாற்றி மாற்றிப் பயன்படுத்தத்தக்கது. 1897இல் வந்த 55ஆம் எண்ணோ ஐம்பதுக்கும் மேற்பட்ட அலகுகளையும் பல திருகுகளையும் தண்டுகளையும் கொண்டு, ஓர் ஆலையே பெட்டிக்குள் அடங்கிவிட்டதுபோல் விளம்பரம் பெற்றது. அச்சில் இதைவிடக் கவர்ச்சியான கருவி அரிது. ஆனால் ஒவ்வொரு அலகுக்கும் அதைச் சரிப்படுத்தச் செலவாகும் நேரத்தில் பழைய தச்சர் தம் மர இழைப்புளியால் வேலையையே முடித்திருப்பார். இன்று பழம்பொருள் சந்தையில் அலகுகள் பல தீட்டப்படாமலே இருக்கும் 55ஆம் எண் பெட்டிகள் கிடைப்பதிலிருந்து, வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை முழுதாகப் பயன்படுத்தினர் என்பதை ஊகிக்கலாம்.

அஞ்சல்துறையின் இரு சீர்திருத்தங்கள் இவ்வணிகத்தின் அளவையே மாற்றின. முதலாவது, 1896இல் சோதனையாகத் தொடங்கி 1902இல் நிலைபெற்ற ஊர்ப்புற இலவச விநியோகம். அதுவரை அஞ்சல் நிலையத்துக்கு வண்டி கட்டிப் போய்க் கடிதம் வாங்கிவந்த உழவரின் வாசலுக்கே விலைப்பட்டியல் வந்தது. இரண்டாவது, 1913ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பொதி அஞ்சல். தொடக்கத்தில் 11 பவுண்டு, அதாவது சுமார் ஐந்து கிலோ, என்றிருந்த வரம்பு சில மாதங்களில் 20 பவுண்டாகவும், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அண்மைத் தொலைவுகளுக்கு 50 பவுண்டாகவும் உயர்ந்தது. அதற்கு முன் ஓர் இழைப்புளியும்கூடத் தனியார் துரிதச் சரக்கு நிறுவனங்களின் கட்டணத்தைச் சுமந்தே வந்தது. இரயில் நிலையத்தோடு அவர்கள் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். முதல் ஐந்து நாள்களிலேயே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகளைக் கையாண்டதாக அஞ்சல் நிலையங்கள் தெரிவித்தன. யூட்டா மாநிலத்து வெர்னல் ஊரில் வங்கிக் கட்டடம் ஒன்று எழுப்ப 1916இல் சுமார் 80,000 செங்கற்கள், சரக்குக் கூலியைவிட அஞ்சல் கட்டணம் மலிவு என்பதால், பொதி பொதியாக அஞ்சலிலேயே அனுப்பப்பட்டன. அஞ்சல்துறை திகைத்து விதியைத் திருத்திக்கொண்டது. செங்கல்லே வரும்போது வாளும் உளியும் வருவதில் வியப்பில்லை. ஆனால் மிதிகடைசல் எந்திரமும் மரமேசையில் பொருத்தும் பெரிய பிடிசிராவியும் எடை வரம்புக்கு வெளியே நின்றதால், அஞ்சலால் நிரம்பிய பட்டறைகள் கைக்கருவிகளில் செழித்தும் கனமான எந்திரங்களில் வறண்டும் இருந்தன.

உள்ளூர் இரும்புக்கடைக்காரர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பொதி அஞ்சல் சட்டத்தை அவர்கள் பல்லாண்டு எதிர்த்தனர். சில ஊர்களில் விலைப்பட்டியல்களைக் கொண்டுவந்து நெருப்பில் போடுவோருக்குப் பரிசு கொடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு. அவர்களுடைய அச்சம் நியாயமானதே. கடைக்காரர் தவணைக்குக் கொடுத்தார், பழுதானால் பார்த்துத் தந்தார், வாளைத் தீட்டியும் கொடுத்தார்; சிகாகோ நிறுவனம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலிவாக விற்றது. கடைக்காரரின் விலையில் அடங்கியிருந்த அந்தச் சேவைகளுக்கு ஈடாக விலைப்பட்டியல் தந்தது தேர்வின் அகலத்தை மட்டுமே.

சியர்ஸ் நிறுவனம் 1925இல் சில்லறைக் கடைகளையும் திறக்கத் தொடங்கி, 1927இல் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்னும் வணிகப்பெயரை மேரியன்-கிராஃப்ட்ஸ்மேன் நிறுவனத்திடமிருந்து 500 டாலருக்கு வாங்கியது. கருவிகளை வெவ்வேறு ஆலைகள் செய்து தந்தன. பெயரும் உத்தரவாதமும் மட்டும் சியர்ஸுக்கு உரியவை. ஒரே வகைக் கருவி மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று வெவ்வேறு பெயர்களில் அடுத்தடுத்து அச்சிடப்பட்டதால், தரம் பிரிக்கத் தெரியாத வாங்குபவர் விலையையே தர அளவுகோலாகக் கொள்ளப் பழகினார். இதே காலத்தில் சிறிய மின்னோடி மலிவாகியது. ஹெர்பர்ட் டாட்ஸ் 1919இல் மில்வாக்கியில் தொடங்கிய டெல்டா நிறுவனமும் அதன் போட்டியாளர்களும், ஒரே மின்னோடியிலிருந்து வார்ப்பட்டை மூலம் வட்டவாளையும் கடைசலையும் துளைப்பானையும் மாற்றி மாற்றி ஓட்டத்தக்க சிற்றளவு எந்திரங்களைச் செய்தன. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தமையால், இவ்வெந்திரங்களின் வீடு பண்ணையிலிருந்து நகரத்து நிலவறைக்கு மாறியது. பொருளாதாரப் பெருமந்தம் இதைத் தடுக்கவில்லை. வேலை நேரம் குறைந்து கையில் பொழுது மிஞ்சியவர்கள் பெருகினர். ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழின் ஆதரவில் 1933இல் தேசிய வீட்டுப் பட்டறைக் கழகம் உருவாகி ஊர்தோறும் கிளைகளைப் பரப்பியது. டெல்டாவும் ‘டெல்டாகிராம்’ என்னும் இதழை வெளியிட்டு, தன் எந்திரங்களால் செய்யத்தக்க பொருள்களின் வரைபடங்களை அதில் தந்தது. விற்பவரே கற்பிப்பவராகவும் இருக்கும் ஏற்பாடு இங்கே முழுமை பெறுகிறது: எந்திரம் இருப்பதால் நாற்காலி செய்வதா, நாற்காலி தேவைப்படுவதால் எந்திரம் வாங்குவதா என்ற வரிசையே அவ்விதழ்களில் குழம்பிக் கிடக்கிறது.

ஜெர்மனியிலிருந்து 1930களில் அமெரிக்காவுக்கு வந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த ‘ஷாப்ஸ்மித்’, வட்டவாள், கடைசல், நிலைத்துளைப்பான், கிடைத்துளைப்பான், தேய்ப்புத் தகடு என்னும் ஐந்து எந்திரங்களை ஒரே சட்டகத்தில் அடக்கியது. 1947இன் இறுதியில் மாண்ட்கோமரி வார்டு நிறுவனம் அதை விற்கத் தொடங்கியபோது, போரிலிருந்து திரும்பிப் புறநகரில் சிறு வீடு வாங்கியிருந்தோர் அதை விரும்பி ஏற்றனர். ‘நீங்களே செய்யலாம்’ என்னும் இயக்கத்தை ‘டைம்’ இதழ் 1954 ஆகஸ்டில் தன் அட்டைப்படக் கட்டுரையாக்கியது. மின்கருவிகள் பெருகிய வேகத்தில் கைக்கருவிகள் தரம் தாழ்ந்தன. ஸ்டான்லி தன் பட்டியலிலிருந்து ஒவ்வொரு எண்ணாக நீக்கிக்கொண்டே வந்தது. 55ஆம் எண்ணும் 1960களில் மறைந்தது.

அவ்வாறு தொழில் கைவிட்ட கருவிகளை மீட்டவர்கள் பொழுதுபோக்குத் தச்சர்கள்தாம் என்பது இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். கனெக்டிகட்டில் பால் ரோமன் 1975இல் தொடங்கிய ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ இதழும், மறு ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் கிரெனோவின் நூலும், வேகத்தை நாடாத ஒரு மரவேலையை நாடுபவர் பல்லாயிரவர் இருப்பதை வெளிப்படுத்தின. அவர்களுக்குத் தேவையான உளியும் இழைப்புளியும் ஊர்க்கடையில் இல்லை. இருந்தவை கூர் நிற்காதவை. இவ்விடைவெளியில் நியூயார்க்கின் காரெட் வேடு 1975இலும், கனடாவின் கூட்டரசு அலுவலராக இருந்த லியோனார்டு லீ ஒட்டாவாவில் தொடங்கிய லீ வேலி 1978இலும் அஞ்சல்வழி விற்பனையில் இறங்கின. லீயின் விலைப்பட்டியல் வாங்கத் தூண்டுவதைவிடக் கருவியின் இயல்பை விளக்குவதில் கருத்துச் செலுத்தியது. ஆசானின் இடத்தை விலைப்பட்டியல் ஓரளவேனும் நேர்மையாக நிரப்பியது இக்கட்டத்தில்தான் என்று சொல்லலாம். காரெட் வேடில் பணியாற்றிய தாமஸ் லீ-நீல்சன் 1981இல் மெய்ன் மாநிலத்தில் சொந்தப் பட்டறை தொடங்கி, ஸ்டான்லி கைவிட்ட 95ஆம் எண் விளிம்பு இழைப்புளியை வெண்கலத்தில் வார்த்து விற்றார். லீ வேலி நிறுவனமும் ‘வெரிட்டாஸ்’ என்னும் பெயரில் சொந்தக் கருவிகளைச் செய்யலாயிற்று. கனமான எந்திரங்களின் பக்கம், வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமில் ஷிராஸ் பலோலியா 1983இல் தொடங்கிய கிரிஸ்லி நிறுவனம் தைவானில் செய்த வட்டவாள்களையும் இழைப்பு எந்திரங்களையும் அஞ்சல் ஆணைக்குச் சரக்குந்தில் அனுப்பியது. 1913இன் எடை வரம்பு நிறுத்திவைத்திருந்த தடை அதோடு விலகியது.

சியர்ஸ் தன் பெரும் விலைப்பட்டியலை 1993இல் நிறுத்திக்கொண்டது. 500 டாலருக்கு வாங்கிய கிராஃப்ட்ஸ்மேன் பெயரை 2017இல் சுமார் 90 கோடி டாலர் மதிப்பில் அது விற்றபோது வாங்கியது, பெய்லியின் உரிமையை 1869இல் வாங்கிய அதே ஸ்டான்லியின் வழிவந்த ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர். ஸ்டான்லி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 2009ஐ ஒட்டி, நெடுங்காலத்துக்கு முன் கைவிட்டிருந்த 62ஆம் எண் தாழ்கோண இழைப்புளியை மீண்டும் வார்க்கத் தொடங்கியிருந்தது. அதற்குள் லீ-நீல்சனும் வெரிட்டாஸும் அதே வடிவத்தைப் பல்லாண்டாக விற்றுவந்தன. அவர்களிடம் அதை வாங்கியவர்களுள் மரவேலையால் பிழைத்தவர்கள் மிகச் சிலரே.